மடியில் வைத்துக்கொள்ள விட்டார்களா?

கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்த பெண்ணை நான் முதலில் கவனிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்து கடையைத் திறந்து, மழைக்கால ஈரத்தில் பூத்துப் போயிருந்த படங்களைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்காடு ஏரிப் பக்கமிருந்து கிளம்பிய பனி கடைத்தெரு வரைக்கும் வந்துவிட்டது. எதிர்க்கடைப் பலகையில் எழுதியிருந்த எழுத்துகூடத் தெரியவில்லை.

கடையின் முன்பக்கக் கண்ணாடியில் வெளியிலிருந்து யாரோ மூச்சு விட்டதில் ஒரு வட்டம் படிந்திருந்தது. அது மறைந்து மறுபடியும் படிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் முக்காடு, கையில் சந்தைக்கூடை. காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

உள்ளே வரச் சொன்னேன். செருப்பைப் படியில் கழற்றிவிட்டு வந்தார். எதையும் தொடாமல், கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு சிலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை அடி உயரம். உட்கார்ந்திருக்கும் ஒரு தாய். அவள் மடியில் குறுக்காகக் கிடக்கும் வளர்ந்த மகன். அவன் தலை பின்னால் சாய்ந்திருக்கும். வலது கை கீழே தொங்கும்.

"ஏனுங்கம்மா, இந்தம்மாவோட பையனுக்கு என்னாச்சுங்க?"

அது மாதா என்றும், சிலுவையிலிருந்து இறக்கிய மகனை வாங்கி மடியில் வைத்திருக்கிறாள் என்றும் சொன்னேன்.

"கையில கொழந்தயோட இருக்கற மாதாவப் பாத்திருக்கறனுங்க. இப்படிப் பாத்ததில்லீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமலே, "செத்ததுக்கப்பறம் மடியில வெச்சுக்க உட்டாங்களாக்கும்?" என்று கேட்டார்.

"விட்டாங்க" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். கூடையை எடுத்துக்கொண்டு பனிக்குள் போய்விட்டார். துணியைக் கையில் வைத்தபடி நான் அங்கேயே நின்றிருந்தேன்.

கையில்லாத அம்மாள்

எங்கள் கடையைப் பற்றிப் போன வாரம் கொஞ்சம் எழுதியிருந்தேன். மலைமேல் யார் இந்தச் சிலைகளை வாங்கினார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

என் கணவர் லூர்து அடிப்படையில் தச்சர். படங்களுக்குச் சட்டம் போடுவதில் தொடங்கிய கடை, எழுபதுகளின் கடைசியில் சிலைக்கடையாகவும் ஆனது. அப்போதுதான் வீடுகளில் ஷோகேஸ் வைக்கிற வழக்கம் பரவியது. ஷோகேஸ் வந்துவிட்டால் உள்ளே வைக்க ஏதாவது வேண்டுமே. சேலத்தில் ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து வைக்கோல் திணித்த பெட்டிகளில் பஸ்ஸின் கூரைமேல் வரும். உள்ளே பல்பு எரியும் தாஜ்மஹால், நான்கு சிங்கத் தூண், நடராஜர், எகிப்து ராணியின் தலை, அப்புறம் எதற்கென்று தெரியாமல் புன்னகைக்கிற அந்த வெளிநாட்டுப் பெண்ணின் படம். புதுமணத் தம்பதிகள் தாஜ்மஹால் வாங்குவார்கள். மிஷன் பள்ளி ஆசிரியர்கள் கடைசி இராப்போஜனப் படத்தைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டுவதற்கென்று அளவு கொடுத்துச் சட்டம் போட்டு வாங்குவார்கள்.

இருபது வளைவு ஏறி வருவதற்குள் பாதி சிலைகளுக்கு மூக்கோ விரலோ போயிருக்கும். இவர் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஒட்டுவார். ஒட்டிய இடம் வெள்ளையாகத் தனியே தெரியும். அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து காப்பி டிகாக்ஷன். பஞ்சில் தொட்டு மூன்று முறை ஒற்றி எடுத்தால் பழைய தந்தத்தின் நிறம் வந்துவிடும். எங்கள் கடைச் சிலைகளை முகர்ந்து பார்த்தால் லேசாகக் காப்பி வாசம் அடிக்கும்.

இரண்டு கைகளும் இல்லாத ஒரு கிரேக்கத் தேவதை இருந்தாள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவரின் மனைவி அவளை ஆசையாக வாங்கிப் போனார். மறுவாரம் கொண்டுவந்து, "கையி ரெண்டும் ஒடஞ்சிருக்குது பாருங்க" என்றார். மூலச் சிலையே அப்படித்தான் என்று விளக்கினோம். சமாதானமாகித் திரும்ப எடுத்துப் போனார். பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன், அந்தத் தேவதைக்கு ஜாக்கெட் துணியில் ஒரு தாவணி கட்டிவிட்டிருந்தார். மாமனார் வந்து போகிற வீடு என்றார்.

ஒரிஜினலா என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. ஒரிஜினல் ரோமாபுரியில் இருக்கிறது, எகிப்தில் இருக்கிறது, நாம் போய்ப் பார்க்க முடியாது, அதனால்தான் இது என்று இவர் பொறுமையாகச் சொல்வார்.

ஏற்கெனவே கேட்டு வைத்தது

அந்தத் தாயும் மகனும் சிலை நாங்களாக வாங்கி வைத்ததல்ல. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், ஞானமுத்து சார், மஞ்சக்குட்டைப் பாதையில் புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். சாமியார் வந்து புது வீட்டை மந்திரிக்கும் நாளுக்கு முன்னால் வேண்டும் என்று அவர் சொல்லிவைத்ததால் எங்கள் வியாபாரி எங்கெங்கோ தேடிப் பிடித்து அனுப்பியது. ரோமாபுரியில் ஒரு பெரிய கோயிலில் இருக்கும் சலவைக்கல் சிலையின் நகல். வீட்டில் பூச்சு வேலை முடியும் வரை கடையிலேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னதால் கண்ணாடிப் பக்கம் வைத்திருந்தேன்.

அந்தப் பெண் அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். வெள்ளக்கடைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கான லயன் வீட்டில் குடியிருக்கிறவர். பெயர் பழனியம்மாள். மாமனார் காலத்தில் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மலைக்கு வேலைக்கு வந்த குடும்பம். சந்தை முடிந்து ஷேர் ஜீப் புறப்படும் வரை எங்கள் கடையில் நிற்பார். நான் ஸ்டூலைக் காட்டினாலும் உட்கார மாட்டார்.

"இந்தம்மா பையன விட சின்னப் புள்ளையாட்டம் இருக்குதுங்களே" என்று ஒருநாள் சொன்னார். பத்து வருடம் சிலை விற்கிற எனக்கு அது தோன்றியதே இல்லை. உண்மைதான், அந்தத் தாயின் முகம் இருபது வயதுப் பெண்ணின் முகம்.

சிலை வேறொருவருக்காக வைத்தது என்று சொல்லிவிட்டேன். "தெரியுமுங்க. பாத்துட்டுப் போறன், அவ்வளவுதானுங்க" என்றார்.

செல்வராசு

பழனியம்மாளின் மகன் கதையைத் துண்டுதுண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் அவர் சொன்னது, கொஞ்சம் ஜீப் டிரைவர்கள் சொன்னது.

செல்வராசுக்கு இருபது வயது. மழைக்கு முன்னால் காப்பிச் செடிகளுக்கு வெளிச்சம் விடுவதற்காக சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். அந்த வருடம் அவன் ஏறிய மரம் உயரம். மேலே கொப்பு முறிந்தது. கீழே பாறை.

எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். கழுத்திலிருந்து கால் வரை வெள்ளை வேட்டியில் இறுக்கிக் கட்டி, அதே ஜீப்பில் மேலே வந்தான். நேரமாகிவிட்டது என்று வீட்டு வாசலில் கொஞ்ச நேரம்கூட வைக்கவில்லை. பழனியம்மாள் முகத்தை மட்டும் பார்த்தார். கிட்டே போனவரைப் பிடித்து இழுத்துவிட்டார்கள்.

இதைச் சொன்ன ஜீப் டிரைவர், அந்தம்மா அன்றைக்கு அழுததைவிட அப்புறம் அழாமல் இருந்ததைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது என்றார்.

நாங்கள் பேசாத விஷயம்

பழனியம்மாள் முதல் நாள் கேட்ட கேள்வி என்னை ஏன் அப்படி நிறுத்தி வைத்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இத்தனை வாரமாக எழுதுகிறேன், இதை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

எனக்கு முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் பிறந்தது. வயிற்றில் அசைவு நின்று ஒரு நாள் முழுதும் ஆன பிறகுதான் சேலத்துக்குப் போனோம். மயக்கம் தெளிந்து கேட்டபோது, பெண் குழந்தை என்று ஒரு நர்ஸ் சொன்னார். பார்க்க வேண்டாம், பார்த்தால் மறக்க முடியாது என்றும் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்தக் காலத்தில் அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

இரண்டாம் நாள் இவர் வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "எல்லாம் முடிச்சுட்டு வந்துட்டேன்" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே கடையில், ஒரே தட்டிலிருந்து காராச்சேவு எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் இருவரும் தனித்தனியாக வைத்திருந்தோம்.

அவர் அதை முடித்துவிட்டார், மறந்தும்விட்டார் என்றே நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் அவர்மேல் எனக்கு ஒரு கசப்பும் இருந்தது.

கை தொங்கியது

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிறு. பழனியம்மாள் தெப்பமாக நனைந்து வந்தார். இவர் படங்களுக்குப் போடும் கண்ணாடி வாங்கச் சேலம் போயிருந்தார். உள்ளே கூப்பிட்டுக் கரிக் கும்முட்டி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அன்றைக்கு மறுக்காமல் தரையில் உட்கார்ந்தார்.

நான் யோசித்துச் செய்யவில்லை. கண்ணாடிப் பக்கத்திலிருந்து சிலையைத் தூக்கி வந்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிளாஸ்டர் சிலை நல்ல கனம், ஒரு கைக்குழந்தையின் கனம் இருக்கும். பிறகு மகனின் தொங்கும் கையை ஒரு விரலால் தொட்டார்.

"எம் பையங் கையி இப்படித்தானுங்க தொங்குச்சு. ஜீப்புல இருந்து எறக்கயில வேட்டிக்கு வெளிய வந்துருச்சு. உள்ள எடுத்து வெக்கலாம்னுதான் போனனுங்க. உடலீங்க."

அழவில்லை.

அப்போது குடையை மடக்கிக்கொண்டு ஞானமுத்து சார் படியேறினார். பூச்சு வேலை முடிந்துவிட்டது, சிலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். நின்று பார்த்தார். முகம் மாறியது.

"ஸ்டெல்லா, இது எங்க வீட்டுக்குன்னு வெச்ச சிலைதானே?"

ஆமாம் சார் என்றேன். கண்டவர் கையில் கொடுப்பதற்கா இவ்வளவு நாள் கடையில் விட்டுவைத்தேன் என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. பழனியம்மாள் எழுந்து, முந்தானையின் ஈரமில்லாத நுனியால் சிலையின் அடிப்பாகத்தைத் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. மேசைமேல் வைக்கச் சொன்னார்.

வைத்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார். நான் அவரைக் கூப்பிடவும் இல்லை, சாரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எங்களுக்குச் சட்டம் போடும் வேலையில் பாதி அவர் சொல்லித்தான் வந்துகொண்டிருந்தது. அந்த நினைப்பு என் வாயை அடைத்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

அன்று மாலையே ஆள் அனுப்பிச் சிலையை எடுத்துப் போய்விட்டார்.

நகலுக்கு ஒரு நகல்

சேலத்திலிருந்து திரும்பியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, ஞானமுத்து சாரின் புது வீட்டுக்குப் போனார்.

சிலையைப் பத்து நாள் கொடுத்தால் அதிலிருந்து ஓர் அச்சு எடுத்து, இன்னொன்று வார்த்து அந்தம்மாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று கேட்டிருக்கிறார். சார் முடியாது என்றிருக்கிறார். அச்சு எடுக்கையில் உடைந்தால் யார் பொறுப்பு? மந்திரிப்புக்கு நாள் குறித்தாயிற்று. மேலும், அவருடைய மனைவி பக்கவாதத்தில் படுத்திருந்தார். கட்டிலிலிருந்தே பார்க்கும்படி ஓர் உருவம் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதால்தான் அந்தச் சிலையே வந்தது. இது எங்களுக்கு அதுவரை தெரியாது.

அந்த அம்மாள் உள்ளேயிருந்து பேச்சைக் கேட்டிருக்கிறார். இவரைக் கட்டிலருகே கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் மகனுக்கு என்ன வயது என்று மட்டும் விசாரித்தார். இருபது என்றதும் கணவரைப் பார்த்தாராம். சார் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பத்து நாள். ஒரு கீறல் விழக்கூடாது" என்றார்.

இவர் அதுவரை ஒட்டவைத்திருக்கிறாரே தவிர வார்த்ததில்லை. சேலத்தில் பொம்மை செய்கிற ஒருவரிடம் போய்க் கேட்டு வந்தார். சிலைமேல் சோப்புத் தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் தடவி, முன்னும் பின்னுமாக இரண்டு பாதியாக அச்சு எடுக்க வேண்டும். தொங்கும் கைக்கும் தாயின் உடைக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் சிக்கல். அதற்குள் பிளாஸ்டர் புகுந்துவிட்டால் அச்சைக் கழற்றும்போது கை போய்விடும். அதனால் அந்த இடைவெளியைக் களிமண்ணால் அடைத்தார்.

முதல் வார்ப்பு தலையோடு பிளந்தது. இரண்டாவது வார்ப்பு நின்றது. ஆனால் அந்த மழையில் எது காயும்? இரண்டு கும்முட்டியை இருபுறமும் வைத்து, கோழிக்குஞ்சைக் காப்பது போல மாற்றி மாற்றித் திருப்பி வைத்தோம். முகங்கள் மூலத்தின் கூர்மையோடு வரவில்லை, கொஞ்சம் மழுங்கிவிட்டன. களிமண் அடைத்த இடத்தில் கை தொங்கவில்லை. தாயின் உடை மடிப்போடு சேர்ந்து, அவள் உடம்பில் ஒட்டினாற்போல வந்துவிட்டது. குடைந்து எடுக்கலாமா என்று இவர் உளியை எடுத்தார், பயந்து வைத்துவிட்டார்.

பத்தாம் நாள் ஞானமுத்து சாரே வந்தார். தன் சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கீறல் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். போகும்போது கழுத்தில் சுற்றியிருந்த கம்பளி மப்ளரை அவிழ்த்து மேசைமேல் வைத்து, "ஜீப்பில கொண்டு போறப்ப ஆடும். இதுல சுத்திக் கொடு" என்றார்.

பழனியம்மாளுக்கு ஜீப் டிரைவரிடம் சொல்லி அனுப்பினோம். வந்தார். அவருக்குத்தான் என்று சொன்னபோது நம்பவில்லை. பிறகு நேராக அந்தக் கையைப் பார்த்தார்.

"இதுல கையி தொங்கலீங்க."

சரியாக வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இவர் சொல்லத் தொடங்கினார். பழனியம்மாள் கேட்கவேயில்லை. "உள்ள எடுத்து வெச்சிருக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

சாக்குப் பை

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் நான் பின்னறையில் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கடைக்குள் யாரோ வந்து எதையோ மெதுவாகத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. மறைப்புத் துணியின் ஓரமாகப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், மஞ்சள் பூத்த வேட்டி, காலடியில் சாக்குப் பை. சாக்கின் வாயில் மப்ளரின் நுனி தெரிந்தது.

பழனியம்மாளின் கணவர் மாரியப்பன். முன்னால் சட்டம் இழைத்துக்கொண்டிருந்த இவரிடம், சிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். லயனில் எல்லாரும் உன் பெண்டாட்டி வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகிவிட்டாளா என்று கேட்கிறார்கள், அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன் என்றார்.

"ஊட்டுக்குள்ள செத்த பையன வெச்சுக்கிட்டு எப்படிங்க சோறு திங்கறது? அவ அதையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறா. எங்கிட்ட ஒரு வார்த்த பேசறதில்லீங்க. அன்னிக்கி அவளப் புடிச்சு இழுத்தது நாந்தானுங்களே."

ஏன் இழுத்தீர்கள் என்று இவர் கேட்டார்.

"அறுத்துத் தெச்சிருந்தாங்க. கழுத்துல இருந்து வகுறு வரைக்கும், சாக்குத் தெக்கறாப்புல. அவ தொட்டா கட்டு நெகிழ்ந்துரும். அதப் பாத்தா உசுரோட இருக்க மாட்டான்னுதானுங்க."

"அத அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"எப்படிங்க சொல்றது?"

என் கையிலிருந்த கண்ணாடியை ஓசைப்படாமல் தொட்டியில் வைத்தேன்.

"எனக்கும் சொல்லத் தெரியலீங்க" என்றார் என் கணவர். "ஆறு வருசமாச்சு."

அவர் சொன்னதை அப்படியே எழுத என்னால் முடியவில்லை. முடிந்தவரை சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார்களாம். சேலத்திலேயே புதைத்துவிடச் சொன்னார்களாம். தெரியாத ஊரில் விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. உயிரில்லாத குழந்தையை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். கடைக்குப் போய்ப் புதுத் துண்டு ஒன்று வாங்கி, அதில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஏற்காடு பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒரு வயதான அம்மாள்.

"கொழந்த தூங்குதுங்களான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னு சொன்னேன். பாதி மலை ஏறுனதும் பனி அடிக்க ஆரம்பிச்சுது. தலைய மூடுங்க, பச்சப்புள்ளைக்கு ஆவாதுன்னாங்க. மூடுனேன்."

ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாயும்போது, தலை ஆடாமல் இருக்கக் கையைக் கழுத்துக்குக் கீழே கொடுத்துப் பிடித்துக்கொண்டே வந்தாராம். இறங்கும்போது அந்த அம்மாள் துண்டின்மேல் கை வைத்து, நல்லா இருக்கட்டும் என்று சொன்னாராம்.

"எம் பொஞ்சாதிகிட்ட இதச் சொன்னதில்லீங்க. நான் வெச்சிருந்தேன், அவளுக்குக் கொடுக்கல. அத எப்படிச் சொல்றது?"

பிறகு இவர், சிலையை வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்தத் தையல் விஷயத்தை மட்டும் வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார். மாரியப்பன் குனிந்து சாக்கைத் தூக்கினார். வந்தபோது ஒரு கையில் தொங்கவிட்டு வந்தவர், போகும்போது இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

பழனியம்மாள் அடுத்த ஞாயிறு ஒரு கூடை கமலா ஆரஞ்சு கொண்டுவந்தார். "சொல்லிட்டாருங்க" என்றார். "நொம்ப நாளு அவரு மேல கோவமாவே இருந்துட்டனுங்க." மாரியப்பனே பலகை அறுத்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் அடித்து, சிலையை அதன்மேல் வைத்திருக்கிறார் என்றும் சொன்னார். பிறகு காப்பிப் பழம் பறிக்கும் காலம் வந்துவிட்டது. அவர் கடைக்கு வருவது குறைந்தது.

வேலியோரம்

மாரியப்பன் போன அந்தக் காலையில் நான் மறைப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கை ஈரமாக இருந்தது. இவர் என்னைப் பார்த்ததுமே நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துகொண்டார்.

"எங்க வெச்சிருக்கீங்க?" என்றேன்.

கடையைப் பூட்டிவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். ஞானஸ்நானம் பெறாமல் போன குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் உள்ளே இடம் கிடையாது. வேலியோரமாக, உண்ணிச்செடி மண்டிய ஒரு மூலை. சிலுவையோ கல்லோ ஒன்றுமில்லை. அந்த இடத்துக்கு நான் ஒருமுறைகூட வந்ததில்லை. இவர் தயங்காமல் நடந்த விதத்திலிருந்து, அவர் பலமுறை வந்திருக்கிறார் என்று புரிந்தது. ஒரு சாண் அகலத்துக்குப் புல் செதுக்கியிருந்தது.

"இங்கதான்."

உட்கார்ந்தேன். மண் ஈரமாக இருந்தது. எப்படி இருந்தாள் என்று கேட்டேன்.

"தலை நெறைய முடி. நெத்தி உன்னாட்டமே" என்றார்.

எவ்வளவு பெரிதாக இருந்தாள் என்று கேட்டேன். அவர் என் எதிரே குந்தி உட்கார்ந்து இடது கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்தபடி இருந்தது. வலது கை விரலால் முழங்கை மடிப்பைத் தொட்டார்.

"தலை இங்க. காலு இது வரைக்கும்" என்று விரல் நுனிகளைக் காட்டினார்.

கையை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார். நான் முழங்கை மடிப்பில் என் கையை வைத்தேன். ஸ்வெட்டர் பனியில் நனைந்து குளிர்ந்திருந்தது. நிதானமாக, மடிப்பிலிருந்து விரல் நுனி வரைக்கும் தடவிப் பார்த்தேன்.

அங்கேயே, அப்படியே உட்கார்ந்திருந்து அவளுக்கு ஒரு பெயர் வைத்தோம். அந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்தது.